ஃபாட்டிபு கடற்கரையின் வரலாறு

ஃபாட்டிபு என்பது நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஆக்லாந்து நகரத்துக்கு மேற்கே, டாஸ்மன் கடலைப் பார்த்து அமைந்துள்ள ஒரு கடற்கரை. மனுக்காவ் இயற்கைத் துறைமுகம் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் இது இருக்கிறது. கடற்கரைக்குப் பின்னால் வைட்டாக்கரே மலைத்தொடரின் எரிமலைப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. நாட்டின் மிகப் பெரிய நகரம் அருகிலேயே இருந்தும், கரடுமுரடான சரளைச் சாலை ஒன்றின் வழியாகத்தான் இங்கு வர முடியும். கடைகள் இல்லை, குடியிருப்பு வரிசைகள் இல்லை. கறுப்பு மணலும் புற்களும் சதுப்பு நிலமும் பேரலைகளுமே கண்ணில் படும்.

முதன்முறை வருபவர்கள் இதை மனிதக் கை படாத ஆதி நிலம் என்றே எண்ணுவார்கள். உண்மை அதுவல்ல. இன்று ஆட்கள் நடந்து செல்லும் மணல்வெளியின் பெரும்பகுதி நூறு ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. பாறையடி வரை அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. அந்தப் பாறையடியில் தண்டவாளம் ஓடியது, கப்பலில் மரம் ஏற்றப்பட்டது, குகையில் நடனம் நடந்தது. நியூசிலாந்தின் வரலாற்றில் அதிக உயிர்களைக் கொண்ட கப்பல் விபத்தும் இந்த முகத்துவாரத்தில்தான் நிகழ்ந்தது. மணல் எவ்வாறு இடம்பெயர்ந்தது, அதை மனிதர் எவ்வாறு புரிந்துகொண்டனர் அல்லது புரிந்துகொள்ளத் தவறினர் என்பதே ஃபாட்டிபுவின் வரலாறு.

எரிமலையும் கருமணலும்

வைட்டாக்கரே மலைத்தொடர் இன்று எரிமலைபோலத் தோன்றாது. கூம்பு வடிவமும் இல்லை, பள்ளவாயும் இல்லை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய கடற்கரைக்கு மேற்கே கடலுக்குள் ஒரு மாபெரும் எரிமலை வளர்ந்தது. பல லட்சம் ஆண்டுகள் அது குமுறியது. அதன் சரிவுகளில் இருந்து உருண்டு விழுந்த பாறைத்துண்டுகளும் சாம்பலும் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து இறுகின. பின்னர் நிலம் மேலெழுந்தபோது அந்த எரிமலையின் கிழக்குச் சரிவு மட்டும் தரையாக எஞ்சியது. மேற்குப் பகுதியைக் கடல் அரித்துக் கரைத்துவிட்டது. ஆக, வைட்டாக்கரே மலைகள் முழு எரிமலை அல்ல. அழிந்துபோன ஓர் எரிமலையின் ஒரு பக்கமே அவை. ஃபாட்டிபுவின் குன்றுகளை அருகில் சென்று பார்த்தால், சாந்தில் கருங்கல் ஜல்லியைக் கலந்து கொட்டியதுபோல, சிறிதும் பெரிதுமான எரிமலைக் கற்கள் பாறைக்குள் பதிந்திருப்பதைக் காணலாம்.

மணலோ இந்த மலையில் இருந்து வந்ததன்று. அதன் கறுப்பு நிறத்துக்குக் காரணம் டைட்டானியம் கலந்த இரும்புத் தாது. தெற்கே வெகு தொலைவில் உள்ள தாரனாகி எரிமலைப் பகுதியின் பாறைகளை ஆறுகள் அரித்துக் கடலில் சேர்க்கின்றன. தென்மேற்கில் இருந்து ஓயாமல் வரும் அலைகளும் கரையோர நீரோட்டமும் அந்தத் துகள்களை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே வருகின்றன. ஒரு காந்தத்தை இந்த மணலில் வைத்து எடுத்தால் கரிய துகள்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கோடையில் வெறுங்காலோடு நடக்க முடியாத அளவுக்கு இந்த மணல் சுடும்.

வடக்கு நோக்கி நகரும் இந்த மணல் மனுக்காவ் முகத்துவாரத்தை அடையும்போது தடைப்படுகிறது. மனுக்காவ் மிகப் பரந்த துறைமுகம். ஆனால் அதன் வாய் 2 கிலோமீட்டருக்கும் குறைவான அகலமே கொண்டது. ஏற்றத்தின்போது கடல்நீர் இந்தக் குறுகிய வாய் வழியாக உள்ளே பாய்கிறது. வற்றத்தின்போது அதே வழியாக வேகமாக வெளியேறுகிறது. வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் மணல் படிந்து திட்டுகளாகிறது. நீருக்கடியில் உள்ள இந்தத் திட்டுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவற்றுக்கு இடையே உள்ள கால்வாய்களும் அவற்றோடு சேர்ந்து நகர்கின்றன. சில ஆண்டுகள் மணல் கரையேறி நிலமாகும். சில ஆண்டுகள் அந்த நிலம் மீண்டும் கடலாகும்.

தே கவேராவ் ஆ மாக்கி மக்கள்

இப்பகுதியின் மண்ணின் மக்கள் தே கவேராவ் ஆ மாக்கி எனும் மாவோரிக் குலத்தவர். மாக்கி என்ற முன்னோரின் பெயரால் இக்குலம் அறியப்படுகிறது. அவர்கள் இந்த மலைக்காட்டை 'திரிவாவின் பெருங்காடு' என்ற பொருள் தரும் பெயரால் அழைத்தனர். திரிவா என்பவர் மனிதருக்கு முன் இங்கு வாழ்ந்த இனத்தின் தலைவர் என்பது அவர்களின் தொன்மக் கதை. மேற்குக் கரையில் இருந்த ஒரு மலையைத் திரிவா தூக்கிச் சென்று கிழக்குக் கடலில் வைத்ததாகவும், அதுவே இன்றைய ரங்கிதோதோ தீவு என்றும் அக்கதை கூறுகிறது. ரங்கிதோதோ ஓர் எரிமலைத் தீவு.

கடல் அவர்களுக்கு மீனும் சிப்பியும் தந்தது. காடு பறவைகளையும் படகு செய்யப் பெருமரங்களையும் தந்தது. பாறை முனைகளில் அரண் அமைத்த குடியிருப்புகள் இருந்தன. முகத்துவாரம் வழியாகப் படகில் உள்ளே சென்றால் ஆக்லாந்து நிலப்பகுதியின் இருபுறக் கடல்களையும் இணைக்கும் குறுகிய தரைவழியை அடையலாம். எனவே இந்த வாயில் அன்றைக்கும் முக்கியமான கடல்வழியாக இருந்தது.

மாவோரி வாய்மொழி மரபில் பாவோராய் என்ற ஒரு நிலம் பற்றிய நினைவு உள்ளது. முகத்துவாரத்துக்கு வெளியே, இன்று கடல் இருக்கும் இடத்தில், தாழ்வான மணல் நிலம் ஒன்று பரந்திருந்தது என்றும், அங்கு மக்கள் குமரா எனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பயிரிட்டனர் என்றும், பின்னர் கடல் அதை விழுங்கிவிட்டது என்றும் அம்மரபு சொல்கிறது. கடல்கொண்ட நிலம் பற்றிய இத்தகைய செய்திகளை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஃபாட்டிபுவில் கடந்த நூற்றாண்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் அவ்வாறு ஒதுக்க மாட்டார்கள். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் கடல் நிலமாக மாறிய இடத்தில், அதற்கு முந்தைய தலைமுறைகளில் நிலம் கடலாக மாறியிருப்பது இயல்பானதே.

1820களில் வடக்கில் இருந்து துப்பாக்கியுடன் வந்த படைகளால் இக்கரையோர மக்கள் பேரழிவைச் சந்தித்தனர். உயிர் தப்பியவர்கள் இடம்பெயர்ந்து, 1830களில் சிறு தொகையினராகத் திரும்பி வந்தனர். 1840இல் பிரிட்டிஷ் ஆட்சி வந்தபின் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைத்தொடரின் பெரும்பகுதி அரசால் வாங்கப்பட்டது. தலைமுறைகளாக ஆண்ட காட்டில் அக்குலத்தவரிடம் எஞ்சியது மிகச் சிறிதே. இந்த இழப்புக்கான முறையான தீர்வுச் சட்டம் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் நிறைவேற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓர்ஃபியஸ் கப்பல், 1863

1863இல் ஆக்லாந்து நியூசிலாந்தின் தலைநகராக இருந்தது. வைக்காட்டோ மாவோரியருக்கும் குடியேற்ற அரசுக்கும் இடையே பகை முற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் போர் வெடித்தது. இந்நிலையில் பிரிட்டிஷ் கடற்படையின் ஆஸ்திரேலியப் பிரிவுத் தலைவர் கொமடோர் வில்லியம் பர்னெட், ஓர்ஃபியஸ் என்ற போர்க்கப்பலில் சிட்னியில் இருந்து ஜனவரி 31 அன்று புறப்பட்டார். பாயும் நீராவியும் இரண்டும் கொண்ட அக்கப்பல் கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கப்பலில் 259 பேர் இருந்தனர்.

சிட்னியில் இருந்து ஆக்லாந்து வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தீவின் வடமுனையைச் சுற்றி வந்து கிழக்குக் கரையின் வைட்டெமட்டா துறைமுகத்தில் நுழைவது. இது நீண்ட வழி; ஆபத்துக் குறைவு. மற்றொன்று, மேற்குக் கரையில் மனுக்காவ் முகத்துவாரம் வழியாக ஒனேஹங்காவை அடைவது. இது குறுகிய வழி; ஆனால் மணல் திட்டுகளைக் கடக்க வேண்டும். ஓர்ஃபியஸ் குறுகிய வழியைத் தேர்ந்தெடுத்தது.

மனுக்காவ் வாயிலை 1836இலேயே தாமஸ் விங் என்ற கப்பல் தலைவர் வரைந்திருந்தார். 1853இல் பண்டோரா என்ற கடற்படைக் கப்பலின் டுரூரி விரிவாக அளந்தார். அந்த அளவீட்டை வைத்து அச்சிட்ட வரைபடமே மாலுமிகளுக்கு வழிகாட்டியாக இருந்தது. ஆனால் அதற்குள் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. மணல் திட்டுகள் வடக்கே நகர்ந்துவிட்டன. இந்த மாற்றத்தைக் குறித்த புதிய கடல்வழிக் குறிப்பு 1861இல் வெளியாகியும் இருந்தது. இருந்தும் கப்பலைச் செலுத்தியவர்கள் பழைய வரைபடத்தின் வழியையே நம்பினர்.

பிப்ரவரி 7 அன்று வானம் தெளிவாக இருந்தது. ஃபாட்டிபுவின் ஓரத்தில் பாராதுதாய் என்ற பெரும்பாறையின் மேல் கப்பல்களுக்குச் சைகை காட்டும் கம்பம் இருந்தது. விங் அப்போது மனுக்காவின் வழிகாட்டியாக இருந்தார். அன்று அவர் வொங்கா வொங்கா என்ற நீராவிக் கப்பலைத் துறைமுகத்தில் இருந்து வெளியே கொண்டுசெல்லும் பணியில் இருந்தார். சைகைக் கம்பத்தில் அவருடைய மகன் எட்வர்ட் இருந்தார். கப்பல் தவறான திசையில் வருவதைக் கண்டதும் வடக்கே திரும்புமாறு கம்பத்தில் இருந்து சைகை காட்டப்பட்டது. கப்பலுக்குள்ளும் ஓர் எச்சரிக்கை எழுந்ததாகக் கூறப்படுகிறது. முன்பு கடற்படையை விட்டு ஓடிப் பிடிபட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்டிருந்த ஒரு மாலுமிக்கு இந்த முகத்துவாரம் நன்கு தெரியும். கப்பல் போகும் வழி பிழை என்று அவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

பிற்பகல் ஒன்றரை மணி அளவில் ஓர்ஃபியஸ் தரைதட்டியது. அலைகள் கப்பலைப் பக்கவாட்டில் திருப்பி மேல்தளத்தை அடித்துச் சென்றன. இறக்கிய படகுகளில் ஒன்று கவிழ்ந்து அதில் இருந்த பலர் மூழ்கினர். மற்றொன்று உதவி தேடித் துறைமுகத்துக்குள் விரைந்தது. கப்பலில் எஞ்சியவர்கள் பாய்மரங்களின் கயிறுகளில் ஏறித் தொற்றிக்கொண்டனர். வொங்கா வொங்கா திரும்பி வந்து, நெருங்க முடிந்தவரை நெருங்கி, அலைகளில் குதித்தவர்களில் சிலரைக் காப்பாற்றியது. மாலையில் பாய்மரங்கள் ஒவ்வொன்றாக முறிந்து சாய்ந்தன. கொமடோர் பர்னெட் உட்பட 189 பேர் இறந்தனர். 70 பேர் உயிர் தப்பினர். பின்னர் பல நாட்கள் கரையோரத்தில் உடல்கள் ஒதுங்கின. அவை கிடைத்த இடங்களிலேயே மணலில் புதைக்கப்பட்டன.

பிழை யாருடையது என்ற கேள்வி உடனே எழுந்தது. வரைபடமா, சைகையா, அவசரமா என்று விவாதம் நீண்டது. எழுதப்பட்ட வரைபடம் ஒரு நாளின் நிலையைக் காட்டுவது. திட்டுகளோ அதன்பின் ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டிருந்தன. அந்த வாயிலை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது, அதிகாரம் படைத்த கப்பலுக்குத் தெரியவில்லை. இதன்பிறகு 1874இல் முகத்துவாரத்தின் தென்முனையில் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது.

கவுரி மரமும் தண்டவாளமும்

கவுரி, நியூசிலாந்தின் வடபகுதிக்கே உரிய ஊசியிலை இன மரம். கிளையே இல்லாத தூண்போல நேராக உயர்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. கப்பலின் பாய்மரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் தரைப்பலகைக்கும் இதைவிடச் சிறந்த மரம் இல்லை என்று ஐரோப்பியர் கருதினர். 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஆக்லாந்து நகரின் வீடுகளில் பெரும்பாலானவை கவுரிப் பலகையால் எழுந்தவை.

வைட்டாக்கரே மலைகளில் கவுரி செழித்திருந்தது. 1860களின் இறுதியில் கிப்பன்ஸ் குடும்பத்தார் ஃபாட்டிபு ஓடையருகே மரம் அறுக்கும் ஆலை அமைத்தனர். வடக்கே பாரராஹா பள்ளத்தாக்கிலும் கரேக்கரேயிலும் ஆலைகள் எழுந்தன. செங்குத்தான மலையில் இருந்து மரத்தை இறக்குவதே பெரும்பாடு. அதற்கு ஓடைகளின் குறுக்கே மரத்தாலேயே அணை கட்டினர். அணைக்குக் கீழே ஓடையின் படுகையில் வெட்டிய மரங்களை அடுக்கி வைத்தனர். அணை நிறைந்ததும் கதவைத் திறந்துவிட்டால், வெள்ளம் மரங்களை உருட்டிக்கொண்டு கீழே பாயும். ஓடைக் கரைகளும் படுகைகளும் இதில் சிதைந்தன. மரங்களிலும் பல பாறைகளில் மோதி உடைந்து வீணாயின.

அறுத்த மரத்தைக் கப்பலில் ஏற்றப் பாராதுதாய்ப் பாறையின் அருகே இறங்குதுறை கட்டப்பட்டது. வடக்கு ஆலைகளில் இருந்து அங்கு மரத்தைக் கொண்டுவரக் கடலோரமாகவே டிராம் பாதை போடப்பட்டது. ஒரு பக்கம் மலைப்பாறை, மறுபக்கம் அலை. குறுக்கிட்ட ஒரு பாறை முனையைக் குடைந்து சுரங்கவழி அமைத்தனர். புயல்நாட்களில் கடல் தண்டவாளத்தைப் பிடுங்கி எறியும். தொழிலாளர் மீண்டும் போடுவர். 1910களில் ரயில்வே துறை, பாதை அமைக்கத் தேவையான மரத்துக்காகப் பீஹாவில் ஆலை நடத்தியபோது, அங்கிருந்தும் இப்பாதை வழியே மரம் ஃபாட்டிபுவுக்கு வந்தது. 1920களின் தொடக்கத்தில், வெட்டத்தக்க மரம் தீர்ந்ததும், இத்தொழில் முடிந்தது. இரண்டு தலைமுறைக்குள் ஆயிரம் ஆண்டு மரங்களின் காடு பலகையாகிப் போயிற்று.

இங்கு உழைத்தவர்களுக்கு நகரம் தொலைவு. ஆகவே கேளிக்கையைத் தாங்களே உருவாக்கிக்கொண்டனர். மலையடியில் அலை குடைந்த பெருங்குகைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரியதில் கவுரிப் பலகையால் தரை போட்டு, இசையோடு நடன விருந்துகள் நடத்தினர். ஆலை மேலாளரின் வீடு பின்னர் பயணியர் தங்கும் விடுதியாயிற்று.

மணல் திரும்பி வந்தது

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் ஃபாட்டிபுவில் மணல் குவியத் தொடங்கியது. முகத்துவாரத்தின் கால்வாய்கள் இடம் மாறியதால், வெளியே திட்டாகக் கிடந்த மணல் கரையோடு ஒட்டியது. கடல் ஆண்டுதோறும் பின்வாங்கியது. பாறையடிக்கும் அலைக்கும் இடையே இன்று ஒரு கிலோமீட்டர் அளவுக்கு அகன்ற வெளி உள்ளது. மலையில் இருந்து இறங்கும் ஓடைகள் மணல்மேடுகளுக்குப் பின்னால் தேங்கிச் சதுப்பு நிலமாயின. கோரையும் நாணலும் வளர்ந்தன. கொக்கினத்தைச் சேர்ந்த அரிய பறவைகள் அதில் கூடு கட்டின. திறந்த மணலில் டாட்டெரல் எனப்படும் சிறு உப்புக்கொத்திகள் முட்டையிடுகின்றன. முட்டையின் நிறம் மணலோடு கலந்திருப்பதால், கவனமின்றி நடப்பவர் காலில் அவை நசுங்கிவிடக்கூடும்.

கப்பல் நின்ற இறங்குதுறையின் மரக்கட்டைகள் இப்போது மணலில் நிற்கின்றன. சுரங்கவழிக்கு அருகே பழைய கொதிகலன் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. நடனக் குகையின் பலகைத் தரை ஏறத்தாழ 5 மீட்டர் மணலுக்கு அடியில் புதைந்துவிட்டது. குகைக்குள் இன்று நிற்பவர், அன்று ஆடியவர்களின் தலைக்கும் மேலே நிற்கிறார். புதிதாகத் தோன்றிய இந்த நிலம் அறிவியல் காப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளது. மனிதர் எதையும் நடாத வெற்று மணலில் தாவரமும் உயிரினமும் எந்த வரிசையில் வந்து குடியேறுகின்றன என்பதை இங்கு நேரில் பார்க்க முடிகிறது.

காடும் மெல்லத் திரும்புகிறது. ஆக்லாந்தின் நூற்றாண்டு நினைவாக 1940இல் இம்மலைகளில் பெரும் பூங்கா அமைக்கப்பட்டது. 2008இல் வைட்டாக்கரே மலைத்தொடரைப் பாரம்பரியப் பகுதியாகக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. கரேக்கரே கடற்கரையில் எடுக்கப்பட்ட ஜேன் காம்பியனின் 'தி பியானோ' திரைப்படம் 1993இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்று, இக்கரையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. பார்வையாளர் பெருகினர்.

பார்வையாளரோடு ஆபத்தும் வந்தது. கவுரியின் வேரைத் தாக்கி மரத்தையே சாகடிக்கும் நோய் ஒன்று இம்மலைகளில் பரவியது. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்ணுயிர் மண்ணில் வாழ்வது. காலணியில் ஒட்டும் சிறிதளவு மண்ணே அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுசெல்லப் போதும். நோய்க்கு முழுமையான மருந்து இல்லை. 2017 டிசம்பரில் தே கவேராவ் ஆ மாக்கி மக்கள் காட்டின் மீது ராஹூய் விதித்தனர். ராஹூய் என்பது ஓர் இடம் நலம்பெறும் வரை அங்கு யாரும் செல்லக் கூடாது என்ற மாவோரி மரபுத் தடை. அதற்குச் சட்ட வலிமை இல்லை. ஆயினும் அடுத்த ஆண்டு ஆக்லாந்து மாநகர நிர்வாகம் காட்டுப் பகுதியைச் சட்டப்படி மூடியது. பின்னர் பாதைகள் சேறு படாதவாறு சீரமைக்கப்பட்டு, ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு வருகின்றன. நுழைவில் காலணியைத் தேய்த்துக் கழுவிச் செல்வது கட்டாயம்.

வரலாறு சொல்வது

ஃபாட்டிபுவின் வரலாற்றில் ஒரே செய்தி மூன்று முறை திரும்ப வருகிறது. கடல்கொண்ட பாவோராய் பற்றி மாவோரி முன்னோர் சொன்னது உள்ளூர் அறிவு. ஓர்ஃபியஸ் கப்பலுக்குப் பாராதுதாய்க் கம்பத்தில் இருந்து காட்டிய சைகையும் உள்ளூர் அறிவு. கவுரிக் காட்டில் கால் வைக்காதீர் என்ற ராஹூயும் அதுவே. முதலாவதை நெடுங்காலம் கதை என்றனர். இரண்டாவதைக் கப்பல் உரிய நேரத்தில் ஏற்கவில்லை. மூன்றாவதற்கு மாநகர நிர்வாகம் செவிசாய்த்தது, சில மாதங்கள் தாமதமாக.

மணல் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போதைய கரை நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. கால்வாய் மறுபடி வடக்கே சாய்ந்தால், சதுப்பு நிலமும் மணல்மேடுகளும் கரைந்து, அலை மீண்டும் எரிமலைப் பாறையைத் தொடலாம். அப்போது குகையின் கவுரித் தரை வெளியே தெரியவும் கூடும்.